முத்திரை கலையாத நஞ்சுக்கு விற்பனை அனுமதி கோரல்

தன்னாமுனை,
மட்டக்களப்பு.
திகதி: மாரி இறங்க முன்.

பீடைகொல்லிப் பதிவாளர் அவர்கட்கு,
கெட்டம்பே, பேராதனை.

ஊடாக: வழமைபோல எல்லோர் ஊடாகவும்.
பிரதிகள்: தொல்பொருள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

பழம்பொருள் விற்பனை நிலையம் திறத்தல்

மேற்படி விடயம் தொடர்பாகத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன். திருகோணமலை வீதியோரம், எங்கள் ஊரில், சிறிய பழம்பொருள் கடையொன்று போடலாம் என்றிருக்கிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடாவுக்குப் போகும் வெள்ளைக்காரர் இந்த வீதியால்தான் போகிறார்கள். வழிநெடுக இளநீர் உண்டு, கஜு உண்டு, பனையோலைப் பெட்டி உண்டு. வரலாறு விற்பார் மட்டும் இல்லை. அந்தக் குறையை நான் தீர்க்க உத்தேசம்.

விற்கப்போவது பழைய போத்தல்கள். வெறும் போத்தல் அல்ல. ஊற்றி வைத்தது ஊற்றி வைத்தபடியே உள்ளே கிடக்கும் போத்தல். முத்திரை கலையாத, உள்ளீடு குறையாத சரக்குக்குத்தான் சேகரிப்பாளர் மத்தியில் தனி மவுசு என்று கேள்வி. அந்தவகைச் சரக்கு எங்கள் பக்கத்தில் தாராளம். வட்டை வாடிகளின் கிடுகுச் செருகலில், கோழிக்கூட்டின் மேல்தட்டில், கிணற்றடிக் கொட்டிலில், போடியார் வீட்டுப் பெட்டகத்தின் பின்னால் எங்கு கையை விட்டாலும் ஒன்று தட்டுப்படும். கையை விடும்போது கவனமாக விடவேண்டும், அவ்வளவுதான்.

என் இருப்புப் பட்டியலைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

1. பொலிடோல். பழுப்புக் கண்ணாடி. தகர மூடி துருவேறிக் கழுத்தோடு ஒட்டிவிட்டது, கழுத்தைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு. லேபலை இராமபாணப் பூச்சி தின்று, தலையோட்டையும் இரண்டு எலும்பையும் மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. சரித்தால் உள்ளே இருப்பது தேன்போல மெல்ல நகரும். பழம்பொருளுக்குப் பூர்வீகம் முக்கியம் என்பார்கள். இதன் பூர்வீகம் பெரிய இடத்தது. உள்ளே இருக்கும் பரதியோனை உண்டாக்கியவர் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். பூச்சிமருந்து தேடப்போய் 1936-இல் டாபுன் என்ற நரம்பு நஞ்சையும், 1938-இல் சரினையும் கண்டுபிடித்தவர் அவர். அந்தக் குடும்பத்து இளைய பிள்ளைதான் எங்கள் கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது. இலங்கையில் பரதியோன் 1984-இல் தடை. ஆகவே போத்தலுக்கு நாற்பது வயதுக்குக் குறையாது என்று தங்கள் திணைக்களத்துக் கோப்பே சாட்சி சொல்லும்.

2. தயோடான். உள்ளே என்டோசல்பான். 1998-இல் தடை. கேரளத்துக் காசர்கோட்டில் மரமுந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஆகாயத்திலிருந்து தெளித்து, ஒரு மாவட்டத்தையே நோயாளியாக்கியது இந்தச் சரக்கு. இந்திய உச்சநீதிமன்றம் 2011-இல் நிறுத்தும்வரை அயல்நாட்டில் ஓடியது. வீதியோரம் கஜு விற்கும் கடைக்குப் பக்கத்தில் இதை அடுக்கினால் பொருத்தமாக இருக்கும்.

3. கிரமக்சோன். புல்லுக்கு அடிப்பது. 2008-இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, 2011-இல் தாங்கள் முற்றாக நிறுத்தியது. லேபல் மும்மொழியிலும் தெளிவு. இனநல்லிணக்கத்துக்கு இதைவிடச் சிறந்த நினைவுப்பொருள் கிடைப்பது அரிது.

4. பெயரில்லாச் சரக்கு. சாராயக் கால் போத்தல், பழந்துணி அடைப்பு. கடையில் ஒரு லீற்றர் வாங்கக் காசில்லாத காலத்தில் யாரோ கொஞ்சம் பிரித்து ஊற்றிக் கொடுத்தது. உள்ளே என்ன என்பது அப்பப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் வயது போய், இப்போது சூசையப்பர் கோயில் சேமக்காலையில் இருக்கிறார்.

சட்டப்படி எனக்கு என்ன தடை என்று பார்த்தேன். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கம். அதன்படி தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2-க்கு முந்தியதாக இருக்கவேண்டும். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த நாள் அது. என் சரக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்திப் பிறந்துவிட்டதால் தொல்பொருள் திணைக்களத்தாருக்கு இதில் அலுவல் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையார் காலாவதியான பொருளை விற்பவனைப் பிடிப்பார்கள். ஆனால் பழம்பொருள் கடையில் காலாவதிதானே தகுதிச் சான்றிதழ்? சுற்றாடல் அதிகாரசபையார் அபாயகரமான கழிவைப் பார்ப்பவர்கள். காசு கொடுத்து வாங்க ஆளிருக்கும் பொருளைக் கழிவென்று எப்படிச் சொல்வது? மிஞ்சி நிற்பது தாங்கள்தான். 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் நேரே கெட்டம்பேக்கு வருகிறது.

வெளிநாட்டு முன்னுதாரணங்களையும் இணைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நஞ்சுப் போத்தல்களுக்கு நீலக் கண்ணாடியும் மேலே வரிவரியான மேடுகளும் வைத்தார்கள். இருட்டில் இருமல் மருந்தென்று எடுத்தாலும் கை தடவி அறியட்டும் என்ற முன்யோசனை. இன்று அந்த மேடுகளின் அழகுக்காகவே அவற்றை வாங்கி யன்னலோரம் அடுக்குகிறார்கள். கண்ணாடி உருண்டைக்குள் திரவம் நிரப்பித் தீயில் எறிந்து அணைக்கும் பழைய தீயணைப்புக் குண்டுகளும் அங்கே சேகரிப்புப் பொருள். அவற்றுள் சிலவற்றில் இருப்பது கார்பன் டெட்ராகுளோரைட். சூடேறினால் அது பொஸ்ஜீன் தரும். முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் அனுப்பிய அதே வாயு. அமெரிக்காவில் 1918 முதல் 1928 வரை 'ரேடிதோர்' என்று ஒரு சத்துநீர் விற்றார்கள். ரேடியம் கரைத்த தண்ணீர். ஈபன் பையர்ஸ் என்ற செல்வந்தர் ஆயிரத்துக்கு மேற்பட்ட போத்தல் குடித்து, தாடை எலும்பு உதிர்ந்து, 1932-இல் இறந்தார். ஈயம் பூசிய பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு வேண்டும் என்பதால் அந்தப் போத்தல்கள் வெறுமையான பின்னும் கதிர் வீசிக்கொண்டிருக்கின்றன. பழம்பொருள் உலகில் இவற்றுக்கும் கிராக்கி உண்டு. பொலிடோல் மட்டும் என்ன பாவம் செய்தது?

"பழசானால் வீரியம் செத்துப்போயிருக்கும்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கடைக்கு வருபவரிடம் நானும் அப்படிச் சொல்லி விற்கலாம். ஆனால் 1976-இல் பாகிஸ்தானில் நடந்தது வேறு. மலேரியா ஒழிப்புக்கு மலத்தியோன் தெளித்த வேலையாட்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மலத்தியோன் பூச்சிமருந்துகளில் சாதுவானது என்று பெயரெடுத்த சரக்கு. சரியில்லாத தயாரிப்பும் களஞ்சியத்து வெப்பமும் சேர்ந்து அதற்குள் ஐசோமலத்தியோன் என்ற கூடிய நஞ்சை உண்டாக்கியிருந்தன. சில சரக்குக்கு வயது ஏற ஏற விலையும் ஏறும், விஷமும் ஏறும். இதைவிடச் சுத்தமான பழம்பொருள் வேறென்ன இருக்கிறது?

முழுப் போத்தலுக்கு வெள்ளைக்காரர் இருக்கிறார் என்றால், வெற்றுப் போத்தலுக்கு எங்கள் ஆள் இருக்கிறார். பழைய இரும்பும் போத்தலும் எடுக்க ஏறாவூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் வருவார். பொலிடோலைக் காட்டினேன். சாய்த்துப் பார்த்தார்.

"உள்ளுக்குக் கிடக்கிறத ஊத்திப்போட்டுத் தாங்க அண்ணே. வெறும் போத்தல்தான் நாங்க எடுக்கிற."

"எங்க காக்கா ஊத்துற?"

"என்ன அண்ணே கேள்வி இது? பின்னால வாவி கிடக்குதே!"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதுதான் இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் ஒரே வழிகாட்டல். சந்தை இரண்டு வாசலோடு நிற்கிறது. வெறுமையாக விற்றால் நஞ்சு வாவிக்குப் போகும். நிறைவாக விற்றால் முகம் தெரியாத ஒருவரின் வீட்டு யன்னலுக்குப் போகும். மூன்றாவது வாசல் எங்கே இருக்கிறது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

ஐயா / அம்மணி, இந்த இடத்தில் பகடியை ஒரு நிமிடம் இறக்கி வைக்கிறேன். தங்கள் அலுவலகம் செய்த காரியத்தை இந்தத் தீவில் எவரும் மறக்கக்கூடாது. 1995-இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கடும் நஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து தாங்கள் அகற்ற, இருபது ஆண்டில் அந்த விகிதம் மூன்றிலொரு பங்குக்கு விழுந்தது. தடைகளால் தப்பிய உயிர்கள் 93,000 இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வட்டைகளில் விளைச்சலும் அதனால் படுத்துவிடவில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தல் இத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் காத்த கதை வேறெங்கும் அதிகம் இல்லை.

ஆனால் அந்த வர்த்தமானி கடைவாசலோடு நின்றுவிட்டது. இறக்குமதிக்குத் தடை, விற்பனைக்குத் தடை. ஏற்கெனவே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு? அது கிடுகுச் செருகலிலேயே கிடந்தது. 1978 நவம்பர் சூறாவளி எங்கள் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 2011 ஜனவரி வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அப்படியான நாளில் மேல்தட்டிலிருப்பது எங்கே போகும் என்று கேட்க வேண்டியதில்லை. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அதில்தான் எங்களுடைய இறால், எங்களுடைய நண்டு. மீன் பாடும் வாவி என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிறோம். மீனுக்குத் தொண்டை நன்றாக இருக்கவேண்டாமா?

இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். 2017-இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தலையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நட்ட இடமெல்லாம் தலைக்கவசம் போட்டவர்கள் வந்து, முழந்தாளில் இருந்து, அங்குலம் அங்குலமாகக் கிளறிச் சுத்தம் செய்தார்கள். அதே தலையோட்டுப் படம் என் கோழிக்கூட்டின் மேலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2016-இல் பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரிகளில் ஒரு இரசாயனம் காய்ந்து கிடக்கிறதென்று தெரிந்ததும் இராணுவத்து வெடிகுண்டுப் பிரிவையே அனுப்பினார்கள். நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் அல்ல. அதே இங்கிலாந்திலிருந்து கொள்கலன் கொள்கலனாக வந்து கொழும்பில் கிடந்த கழிவை 2020 தொடங்கி 2022-க்குள் திருப்பி அனுப்பிய நாடு இது. வெளியார் குப்பைக்கு வழி கண்ட அரசுக்கு என் நாலு போத்தல் பெரிய சுமையா?

வசதி இல்லை என்றும் சொல்லமுடியாது. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் அபாயகரமான கழிவை மிகுந்த வெப்பத்தில் எரித்து முடிக்கும் ஏற்பாடு நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் கமநல சேவை நிலையம் இருக்கிறது. உர மானியத்துக்கு வரிசையில் நின்று எங்களுக்கும் அந்த இடம் பழக்கம். மாரிக்கு முன் ஒரு நாள் குறித்து, "உங்கள் வீட்டுப் பழைய மருந்துப் போத்தலைக் கொண்டுவாருங்கள். எங்கே வாங்கினீர்கள், ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்கமாட்டோம்" என்று கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவித்துவிட்டால் போதும். கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் இதைக் கூரைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஊராருக்கும் இந்த மடலிலேயே ஒரு சொல். அந்த நாள் வரும்வரை போத்தலைத் திறக்கவேண்டாம், கழுவவேண்டாம். கழுவி அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது எங்கள் வீடுகளில் கண்ட பழக்கம். அதை விட்டுவிடுங்கள். வாவியிலோ கிணற்றடியிலோ கவிழ்க்கவேண்டாம். மணல் போட்ட வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, பிள்ளைகளின் கைக்கும் மனம் சோர்ந்திருப்பவர் கைக்கும் எட்டாமல் பூட்டி வையுங்கள். பெயரில்லாத கால் போத்தலில் என்ன இருக்கிறதென்று எக்காரணம் கொண்டும் மணந்து பார்க்கவேண்டாம்.

ஆகவே, ஐயா / அம்மணி, பழம்பொருள் விற்பனை நிலையத்துக்கான எனது இந்த விண்ணப்பத்தைத் தயவுசெய்து நிராகரிக்கவும். நிராகரிப்புக் கடிதத்தின் அடியில் மூன்று விபரம் மட்டும் சேர்த்து அனுப்பவும்: இந்தப் போத்தல்களை எங்கே, எந்தத் திகதியில், யாரிடம் ஒப்படைப்பது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள
விண்ணப்பதாரி