பெட்டிக்குள் ஆடிக்காற்று

கேள்வி: மகனுக்கு ரெடிமேடாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் பத்தே நிமிடத்தில் அடுப்பாய்க் கொதிக்கிறது. அறைக்கு ஏ.சி. போடலாமா?
– வாசகர், சின்னமனூர்

பதில்: ஏ.சி. காசைப் பத்திரமாக வையுங்கள். கணவாய் வழியே நுழைந்து, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று உங்கள் ஊர்க்காற்று. அதற்கு வர வழியும் உண்டு, போக வழியும் உண்டு. உங்கள் பெட்டியின் முன்பக்கமோ கண்ணாடிச் சுவராக இருக்கும்! பளபளப்புக்காக மூச்சை அடைத்துவிட்டார்கள்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அதே விளையாட்டை ஓடவிடுங்கள். சூடு பத்து டிகிரி இறங்கினால் குற்றவாளி பெட்டிதான். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். ஃபேனை உற்றுப் பாருங்கள்: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக்கால்கள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும். பலர் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். தூசியையும் துடையுங்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைப் பந்தலில் காற்றோடவே இலை கிள்ளுகிறோம். அதே வேலைதான் இதுவும். தீரவில்லையா? முன்பக்கம் வலை வைத்த பெட்டிக்கு மாற்றுங்கள். மதர்போர்டு அதில் பொருந்துமா என்று அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.