முப்பது வயசுல ரெண்டு சொட்டு

ஏலே பேராண்டி, இங்க வா. ராத்திரியெல்லாம் போனை நோண்டிக்கிட்டு, சின்னதுல போட்ட போலியோ சொட்டு இன்னும் வேலை செய்யுமான்னு கெடந்து மறுகுதியாமே? ரத்தம் குடுத்து அளந்து பாக்கப் போறியாமே! அதென்ன நெல்லாலே, மரக்கா வச்சு அளக்க?

ஒன்னையத் தூக்கிட்டுப் போனவன் நாந்தான். 1995-ல நாடு முழுக்க ஒரே நாள்ல சொட்டு போட ஆரம்பிச்சாவ. பால்வாடி வாசல்ல வரிசை. நர்ஸம்மா ஒன் கன்னத்த அமுக்கி ரெண்டு சொட்டு விட்டா, நீ அப்படியே என் வேட்டியில துப்பிட்ட. அந்தம்மா விடுவாளா? இன்னொருக்கா விட்டா. அஞ்சு வயசு முடியுற மட்டும் இதே கூத்துதான். தடுப்பூசி அட்டையில ஒரு கட்டம் பாக்கி இல்ல ஒனக்கு.

வருசம் போகப் போக ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி கொறையும், வாஸ்தவம். அதுக்காக ஒடம்பு மறந்துருமா? கெணத்துல நீச்சல் பழகுனவன் இருவது வருசம் கழிச்சு விழுந்தா முங்கியா போவான்? முழுசாப் போட்டவனுக்குக் கால் வெளங்காமப் போற பயம் லேசுல வராதுலே. அந்தக் கிருமி இன்னும் சுத்துற ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானுக்குப் போறவன்தான் நாலு வாரத்துக்கு முந்தியே இன்னொரு தடவை போட்டுக்கிடணும். நீ எங்கலே போற? கோயமுத்தூருக்கு. அங்க போலியோவா கெடக்கு? டிராபிக்தான் கெடக்கு!

மேலத்தெரு தையக்காரரு காலுல இரும்புக் கம்பியக் கட்டிக்கிட்டு நடப்பாரே, கேட்டிருக்கியா அந்தச் சத்தம்? டக்கு, டக்குன்னு தெருமுனையிலயே தெரியும். எங்க காலத்துல தெருவுக்கு ஒண்ணு அப்படி. 2011 சனவரியில ஹவுராவுல ஒரு பொம்பளப் புள்ளைக்கு வந்தது. இயற்கையாப் பரவுற கிருமியால இந்த நாட்டுல வந்ததுல கடைசி அதுதான். 2014-ல போலியோ ஒழிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனமே எழுதிக் குடுத்துட்டு. ஊசியும் சொட்டும் ஓஞ்சா திரும்ப வந்துரும்னுதான் இன்னும் புள்ளைகளுக்குப் போடுதாவ.

புள்ளைன்னதும் நெனப்பு வருது. ஒம் மவளுக்குப் பதினாலாவது வாரம் போன புதங்கெழமையோட முடிஞ்சுட்டு. மச்சினி வளைகாப்புன்னு கெளம்பிப் போயிட்டீய. அட்டை டிவிக்குப் பொறத்தால கெடக்கு, அந்தக் கட்டம் வெறுமனே இருக்கு. ஒன் ரத்தத்த அளக்க ஆயிரம் ரூவா எடுத்து வச்சவன், ஓசியில போடுற ஊசிக்கு நேரமில்லங்கான்!

நாளைக்கு ஊசி போடுற புதங்கெழமைதானலே? வண்டிச் சாவி என் மடியில இருக்கு. புள்ளையக் குளிப்பாட்டச் சொல்லு.