ஒத்தைப் பந்துக்காரன்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வாடிப்போய்க் கெடக்கு? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள "கேரியர் தேங்கிப் போச்சு தாத்தா"ன்னு சொல்லுத. தேங்கணும்னா முதல்ல தண்ணி ஓடியிருக்கணும்லா?

அன்னைக்கு உன் பயோடேட்டாவை வாசிச்சுக் காட்டுன. பதினாலு திறமை எழுதியிருந்த. கல்யாணத் தரகன்கூட மாப்பிள்ளையைப் பத்தி இத்தனை அளக்கமாட்டாம்லே. ஒரே ஒரு பந்தை வச்சுக்கிட்டு ஊரை ஆண்ட ஒருத்தன் கதை சொல்லுதேன், கேளு.

பனாமா தேசத்துல புவெர்த்தோ கைமித்தோன்னு ஒரு மீன்பிடி ஊரு. அங்க வளந்தவன் மரியானோ ரிவேரா. 1969ல பொறந்தான். அப்பன் மீன்படகு ஓட்டுத ஆளு. சின்னப் பயலுக பேஸ்பால் வெளையாட கையுறை ஏது? அட்டைப் பெட்டியை மடிச்சுக் கையில மாட்டிக்கிட்டானுவ. மட்டைக்கு மரக்கிளை. பழைய மீன்வலையைச் சுருட்டி டேப்பு சுத்துனா அது பந்து. நீ என்னன்னா, ஆர்டர் போட்ட ஷூ வரலன்னு மூணு வாரமா ஓடப் போகாம இருக்க.

1990ல நியூயார்க் யாங்கீஸ் அணிக்காரங்க ரெண்டு மூணாயிரம் டாலரைக் கொடுத்து எடுத்தாங்க. ரெண்டு வருசத்துல முழங்கையில ஆபரேசன். 1995ல பெரிய மைதானம் ஏறுனான். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுத பிட்சராத்தான் எறக்குனாங்க. சோபிக்கல. சரி, நீ பொறவு வான்னு பின்னால தள்ளிட்டாங்க. அவன் மொகத்தைத் தூக்கிக்கிட்டா போனான்? பின்னால நின்னே பெரிய ஆளானான்.

அந்த ஆட்டம் ஒம்பது இன்னிங்ஸ். முத ஆளு வீசி வீசித் தோளு தளர்ந்ததும் மாத்தாளு வருவான். மாத்தாளுவ காத்துக் கெடக்க எடத்துக்குப் பேரு புல்பென். காளையை அடைக்கிற பட்டின்னு அர்த்தமாம்! சம்பளம் கோடியில, இருக்கது மாட்டுப்பட்டியில. எப்படிக் கதை?

அந்தப் பட்டியில கடைசியா அவுத்து விடுத காளைக்குக் குளோசர்னு பேரு. மூணு ரன்னோ அதுக்குள்ளயோ முன்னால நிக்கும்போது கடைசி இன்னிங்ஸ்ல எறங்கி, செயிச்சுக் கொடுத்தா ‘சேவ்’னு ஒண்ணு கணக்குல எழுதுவாங்க. "பதினஞ்சு பந்து வீச இவ்வளவு சம்பளமா?"ன்னு கேக்காத. வெண்ணெய் திரண்டு வாரப்ப தாழி உடையாமப் பாத்துக்கிடுத வேலை அது. கடைஞ்சவன் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்? உடைச்சவன் பேரு ஊரு பூரா நாறும்.

இப்ப அந்தப் பந்துக்கு வாரேன். 1997ல ஒருநாள் சும்மா ஒரு கூட்டாளிகூடப் பந்து போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். "ஏன் இப்படி வளைச்சு வீசுத?"ன்னு அவன் சத்தம் போட்டான். "நான் எங்க வளைச்சேன்?"ன்னு இவன் முழிச்சான். நேராப் போன பந்து, கடைசி ஒரு எட்டுல சட்டுன்னு ஒதுங்குது. பயிற்சியாளரும் இவனும் அதை நேராக்கப் பாத்தாங்க. நாய் வாலை நிமித்துன கதைதான். முடியல. போகட்டும்னு அப்படியே விட்டாங்க.

அதுக்குப் பேரு கட்டர். அறுபதடி தூரம், மணிக்கு நூத்தம்பது கிலோமீட்டர் வேகம், அரை நொடிகூட இல்ல. இடக்கை ஆட்டக்காரன் நேராத்தான் வருதுன்னு மட்டையை வீசுவான். பந்து உள்ள நுழைஞ்சு கைப்பிடியில இடிக்கும். மட்டை ரெண்டாப் பிளந்து, பாதி கையில, பாதி மண்ணுல. இதுதான் வருதுன்னு எதிராளிக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க? உன் பதினாலு மரம் என்ன ஆச்சுலே?

அவன் மைதானத்துக்குள்ள வரும்போது மெட்டாலிக்கான்னு ஒரு ராக் கோஷ்டியோட பாட்டு இடி மாதிரி முழங்கும். மைதானத்து ஆளுகளாப் போட்ட பாட்டு அது. அவன் கேக்கவும் இல்ல, வேண்டாம்னு மல்லுக்கு நிக்கவும் இல்ல. நீ ஒரு மீட்டிங்குல வாயத் தெறக்க எத்தனை செல்ஃபி எடுத்த?

சறுக்கவே இல்லையான்னு கேளு. யானைக்கும் அடி சறுக்கும்லா. 2001, உலகத் தொடரு, ஏழாவது ஆட்டம், எதிரணி அரிசோனா. 2-1னு யாங்கீஸ் முன்னால நிக்காங்க. இவனே ஒரு பந்தைத் தப்பா எறிஞ்சான். ஸ்கோரு சமமாச்சு. கடைசியா ஒரு பந்து, மட்டையில நல்லாக்கூடப் படல, சோம்பேறி மாதிரி ஆள் தலைக்கு மேல போய் விழுந்துச்சு. தாழி உடைஞ்சு போச்சு. கூடம் கோணல்னு இவன் சொல்லல. அடுத்த வருசம் வந்து அதே பந்தைத்தான் வீசுனான்.

2012ல முட்டிச் சவ்வு கிழிஞ்சுது. வயசு நாப்பத்திரெண்டு. கதை முடிஞ்சுன்னு ஊரே சொல்லிட்டு. மறுவருசம் வந்து 44 ஆட்டத்தைக் காப்பாத்திக் கொடுத்துட்டுத்தான் வெளிய போனான். மொத்தம் 652 சேவ். 2019ல புகழ் மண்டபத்துக்கு ஓட்டுப் போட்டாங்க. 425 ஓட்டுல 425ம் அவனுக்கு. அதுக்கு முன்னால அப்படி ஒருத்தனும் வாங்குனதில்ல. நம்ம தெருச் சங்கத் தேர்தல்ல, நின்னவன் பொஞ்சாதி ஓட்டே மாறிப் போவுது!

ஓய்வு பெறப் போற வருசம் மின்னசோட்டா ஊரு எதிரணிக்காரங்க அவனுக்கு ஒரு ஆடுநாற்காலி கொடுத்தாங்க. காலும் கையும் முதுகும் எல்லாம் உடைஞ்ச மட்டை. இத்தனை வருசமா அந்த ஒத்தைப் பந்து எதை உடைச்சுதோ, அதுலேயே உக்காந்து ஆடுடான்னு கொடுத்திருக்காங்க.

நீ இதுவரைக்கும் என்னத்தலே உடைச்ச? செல்போன் கண்ணாடியத்தான. அதுல நாற்காலி செஞ்சா உக்கார முடியாது, குத்தும். எந்திரி, போய் அந்தப் பதினாலுல பதிமூணை அடிச்சுட்டு வா.