எட்டுக் கால் சின்னம்

1977 ஜூன் சட்டமன்றத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை, சுவரில் எழுதினேன். ஓட்டுப் போட அப்போது 21 வயது ஆகவேண்டும். சுவரில் எழுத மீசை அரும்பினால் போதும். அரும்பாவிட்டாலும் சுண்ணாம்பு வாளி தூக்கலாம்.

எங்கள் தெருவுக்குத் தேர்தலை அறிவித்தவர் பெயிண்டர் அண்ணன்தான். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரைப் போட்டு ‘ரிசர்வ்டு’ என்று எழுதிவிட்டால் அந்தச் சுவர் முடிந்தது. வீட்டுக்காரர் காலையில் வேப்பங்குச்சியோடு வெளியே வரும்போதுதான் தான் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்வார். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலமும் வஜ்ஜிரமும் சேர்ப்போம். வஜ்ஜிரம் குறைந்தால், சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகோடு சின்னம் கிளம்பிவிடும்.

அண்ணனுக்குக் கட்சி கிடையாது, சின்னம்தான் உண்டு. இரட்டை இலை என்றால் பேசிக்கொண்டே போட்டுவிடுவார். காம்பு கோணினாலும் இலை இலைதான். உதயசூரியனுக்கு இரண்டு மலை, ஓர் அரைவட்டம். கதிர்களை என்னிடமே விட்டுவிடுவார். காங்கிரசின் பசுவும் கன்றும் வந்தால்தான் பீடியைப் பற்றவைப்பார். “எட்டுக் கால்டா தம்பி. ஒண்ணு கட்டையாப் போனாலும் நொண்டி மாட்டுக்கா ஓட்டுன்னு மேடையில கேப்பான்.” ஜனதாவின் ஏர் உழவன் அதைவிட மோசம்: சக்கரத்துக்குள் ஆள், ஆளின் தோளில் கலப்பை. கூலி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

முடிவு வந்தது. இலைக்கு 130, சூரியனுக்கு 48, பசுவுக்கு 27, உழவனுக்கு 10. வரையச் சுலபமானதிலிருந்து கஷ்டமானது வரை, அச்சு அசலாக அண்ணனின் வரிசை! எம்.ஜி.ஆர். முகம், நெருக்கடி நிலை என்று பத்திரிகைகள் ஏதேதோ காரணம் எழுதின. அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். 1989-இல் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவலோடும் ஜானகி அணி இரட்டைப் புறாவோடும் நின்றன. கொண்டை, அலகு, நாலு இறக்கை. சூரியன் 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. “பாத்தியா?” என்றார். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? (இதற்கிடையில் 1986-இல் மேலவையை ஒழித்திருந்தார்கள். மேலவைத் தேர்தலுக்கு யாரும் சுவர் பிடித்ததில்லை. ஆகவே எங்கள் தொழிலுக்கு நஷ்டமில்லை.)

பிறகு தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் வந்தார். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் சுவரைத் தொடலாம் என்று கெடுபிடி. கேட்டுவிட்டு எழுதும் வழக்கமே இல்லாத தொழில் அது, படுத்துவிட்டது. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோபத்தை வேட்புமனுவாகக் குவித்து, 1033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. அத்தனை சின்னங்களையும் எழுதச் சொல்லி ஒருவராவது கூப்பிடுவாரா என்று அண்ணன் தூரிகைகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் காத்திருந்தார்.

இன்று என் வீட்டுச் சுவர் பளிச்சென்று இருக்கிறது; கேட்க நாதியில்லை. வேட்பாளர் ஃபோனிலேயே வந்துவிடுகிறார். “யார் பேசறது?” என்று குறுக்கே கேட்டால் நிறுத்துவதில்லை, பதிவுசெய்த குரலுக்குக் காது ஏது? அந்தக் காலத்தில் சுவர் முழுக்கக் கொடுத்தவருக்கு ஒரு பைசா கிடைத்ததில்லை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப்பட்டுவாடா புகாரால் தேர்தலையே நிறுத்திவைத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் நாற்பது வருடம் முன்னாலேயே சுவரைக் கட்டிவிட்டார்கள், பாவம்.

அண்ணன் மகன் இப்போது பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். கூலி சதுர அடிக்கு. புறாவோ பசுவோ, எதுவானாலும் இரண்டு நிமிடத்தில் மெஷின் துப்பிவிடும். “எல்லாச் சின்னமும் இப்ப ஒண்ணுதான் சித்தப்பா, அப்பா கணக்கெல்லாம் செல்லாது” என்றான். 2021 மே மாதம் முடிவு வந்தபோது நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். சூரியன் 133, இலை 66. மற்றதெல்லாம் வெகு தூரத்தில். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மத்ததையெல்லாம் இவன் கம்ப்யூட்டரும் சரியா வரையலடா தம்பி.”