‘அது தனி’: பெரம்பலூர், அரியலூர் மாவட்ட டைல்ஸ் கொட்டேஷன்கள் குறித்து ஓர் அடுக்கியல் ஆய்வு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துத் தரையை ஆராய்ந்த அறிஞர்கள் எல்லாரும் தரைக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். 1860களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, இங்குள்ள கிரிட்டேசியஸ் காலத்துக் கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஸ்டோலிச்கா அவற்றில் கிடந்த அம்மோனைட்டுகளையும் கிளிஞ்சல்களையும் வகை பிரித்து எழுதிக் குவித்தார். சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரத்தை 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். அதே மண்ணின் மேல் இன்று ஒட்டப்படும் இரண்டுக்கு இரண்டு டைலுக்கு அடிக்கு எவ்வளவு கூலி கேட்டால் நியாயம் என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க வருகிறது.

மூலங்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் ஓலைச்சுவடியும் இல்லை, செப்பேடும் இல்லை. கொட்டேஷன்கள் டைல்ஸ் பெட்டி அட்டையின் உட்புறத்திலும், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்திலும், இன்னும் பூசாத சுவரில் செங்கல் துண்டாலும் எழுதப்படுகின்றன. பெரும்பான்மை எழுதப்படுவதே இல்லை. மேஸ்திரி சொல்ல, வீட்டுக்காரர் தலையாட்ட, வீட்டுக்காரரின் மனைவி மட்டும் கடைசிவரை நினைவில் வைத்திருக்கும் வாய்மொழி மரபு அது. கணக்கு முடிக்கும் நாளில் மூலபாடம் அவரிடமிருந்தே மீட்கப்படுகிறது.

இதுவரை வழங்கிவரும் ஆய்வுமுறை ஒன்றுதான்: பக்கத்து வீட்டில் கேட்பது. “எங்களுக்கு அடிக்கு இருபத்தஞ்சுதாங்க ஆச்சு” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அது எந்த வருஷத்து இருபத்தைந்து, கலவை யாருடையது, சாப்பாடு யார் போட்டது என்று கேட்டால் அவருக்கு வருத்தம் வந்துவிடும். இம்முறையை நாம் மரியாதையோடு ஒதுக்குகிறோம்.

கொட்டேஷன் என்பது பாறை மாதிரியே அடுக்கடுக்காகப் படிந்தது. அடியில் கலவை, நடுவில் ஒட்டுக்கூலி, மேலே இடுக்கில் அடைக்கும் ஜாயிண்ட் பவுடரும் துடைப்பும். மேஸ்திரி சொல்லும் ‘அடிக்கு இவ்வளவு’ பெரும்பாலும் நடு அடுக்கை மட்டுமே குறிக்கும். பிளான்ஃபோர்டு மூன்றாகப் பிரித்ததில், பின்னால் வந்தவர்கள் அரியலூர்த் தொகுதியின் தலைமாட்டிலிருந்து நின்னியூரை உருவி நான்காவதாக வைத்தார்கள். கொட்டேஷனிலும் அப்படித்தான். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு, மேல்மட்டத்தில் இதுவரை அறியப்படாத ஒரு தொகுதி வெளிப்படும். அதன் குழூஉக்குறி ‘அது தனி’. நிலைப்படி தனி, பழைய தரை உடைப்பது தனி, உடைத்ததை அள்ளுவது தனி, மாடிக்குப் பெட்டி ஏற்றுவது தனி.

இவ்வகையில், சுவரின் அடியில் தரையை ஒட்டிப் பதிக்கும் பட்டையான ஸ்கர்ட்டிங் விசேஷமானது. இதன் குணத்தைப் புரிந்துகொள்ள இவ்வட்டாரத்தின் நிர்வாக வரலாறு உதவும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அரியலூர் அதனோடு சேர்ந்து வந்தது. 2001-ல் அரியலூர் தனி. 2002-ல் திரும்பவும் சேர்த்தி. 2007 நவம்பரில் மறுபடி தனி. ஒரே வீட்டுக் கொட்டேஷனில் ஸ்கர்ட்டிங் இதே போக்கைக் காட்டுகிறது. பேச்சின்போது சேர்த்தி, அட்வான்ஸ் வாங்கியதும் தனி, நாம் முகம் சுளித்தால் பாதி சேர்த்தி.

அளந்து பார்ப்போம். பன்னிரண்டுக்குப் பதினைந்து ஹால். தரை 180 சதுர அடி. சுற்றளவு 54 அடி, கதவு வழியைக் கழிக்காமல். ஸ்கர்ட்டிங் நாலு அங்குல உயரம் என்றால் அதன் பரப்பு 18 சதுர அடிதான். ஆனால் அதை ‘ரன்னிங் அடி’யில் எண்ணினால் 54 ஆகிவிடும். எடுத்துக்காட்டுக்கு இருவரை வைத்துக்கொள்வோம். முதல் மேஸ்திரி அடிக்கு 30 ரூபாய், ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கு அதே 30 என்கிறார். இரண்டாமவர் எல்லாம் சேர்த்துத் தரையடிக்கு 38. முதல்வருக்கு 5,400-ம் 1,620-ம் சேர்ந்து 7,020 ரூபாய். இரண்டாமவருக்கு 6,840. தெரு முழுக்க ‘முப்பது ரூபாய்க்காரர்’ என்று பேர் வாங்கியவர்தான் இங்கே விலை கூடினவர். இதற்காக அவரைக் கள்ளர் என்று சொல்லிவிடக் கூடாது. நாலு அங்குலப் பட்டைகளாக அறுத்து, சுவர்ப் பூச்சின் கோணலுக்கு ஒத்து ஒட்டுவது தரை ஒட்டுவதைவிடக் கைவேலை அதிகம் பிடிக்கும். ரன்னிங் அடியில் கேட்பது நியாயம்தான். கேட்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பெட்டிக் கணக்கு. இரண்டடி டைல் இரண்டடி இல்லை என்பது இத்துறையின் அடிப்படை உண்மை. அது 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 609.6 வர வேண்டும். அதனால் நாலு டைல் உள்ள பெட்டி 16 சதுர அடி போகாது, 15.5தான் போகும். பன்னிரண்டடிச் சுவருக்குச் சரியாக ஆறு டைல் என்று மனக்கணக்குப் போட்டு அறை கட்டியவர், கடைசியில் சுவரோரம் இரண்டங்குல இடைவெளியைப் பார்த்து மேஸ்திரியின் மூலமட்டத்தைச் சந்தேகிப்பார். குற்றம் குஜராத்தின் மோர்பியில் டைல் சுட்டவர்களுடையதும் அல்ல. அவர்கள் பெட்டியிலேயே மில்லிமீட்டரில் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல மேஸ்திரி அந்த இரண்டங்குலத்தை ஒரே ஓரத்தில் தள்ளாமல், காய்ந்த தரையில் ஒரு வரிசை அடுக்கிப் பார்த்து இருபக்கமும் சமமாக வெட்டுவார். வெட்டு இரட்டிப்பாகும். அவர் ரேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் காரணம் இது.

ஆக நம் ஹாலுக்குத் தரை 180, ஸ்கர்ட்டிங் 18, வெட்டுச் சேதம் நேர்வரிசைக்கு ஐந்து சதவீதம். 208 சதுர அடிக்குள் அடங்கும். பதினாலு பெட்டி. பிற்காலத்தில் ஒன்று உடைந்தால் மாற்ற இன்னொரு பெட்டி கூட வாங்கலாம், அடுத்த பேட்சில் நிறம் ஒத்துவராது. பதினெட்டுப் பெட்டி என்று சீட்டு வந்தால், மிச்சம் எங்கே போய் ஒட்டப்போகிறது என்று அன்போடு விசாரிக்கலாம். கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைக் கட்டிய ராஜேந்திரனின் தகப்பனார் காலத்து நில அளவையில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு வைத்தார்கள். இன்றைய 6.67 ஏக்கர் வேலிக்கு அது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். அந்த மண்ணில் இன்று “சுமாரா ஒரு பத்துப் பர்சென்ட் வேஸ்டேஜ் போட்டுக்குங்க சார்” என்கிறார்கள்.

கலவைக்கு வருவோம். கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், தளவாய் என்று திரும்பின பக்கமெல்லாம் சிமெண்ட் ஆலை நிற்கும் மாவட்டத்தில் மூட்டை பாதி விலைக்குக் கிடைக்கும் என்று வெளியூர்ச் சம்பந்திகள் நம்புகிறார்கள். சுண்ணாம்புக்கல் லாரியின் தூசிதான் இலவசம். மூட்டைக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதற்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு மேலடுக்கு கீழடுக்கு பார்க்காமல் ஒப்பிடக் கூடாது. ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஒன்றுக்கு ஐந்து கலவையில் இரண்டங்குலம் போட்டால் சுமார் மூன்று மூட்டை ஆகும். ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டேகால். ‘சதுரத்துக்கு ஒரு மூட்டை போதும்’ என்று சொல்லும் கொட்டேஷன் மலிவானது அல்ல, மெலிந்தது. ஒட்டிய பின் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், டைலுக்கு அடியில் கலவை சேராத இடம் வேறு குரலில் பேசும்.

பாத்ரூம் சுவர் தனி இயல், சுருக்கமாகவே சொல்கிறேன். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை அரை சதவீதத்துக்குமேல் உறிஞ்சாது, ஆகவே வெறும் சிமெண்ட் பாலை அது அவ்வளவாக மதிப்பதில்லை. பசை போட்டு ஒட்டுகிறேன் என்பவர் கூடுதலாகக் கேட்கத்தான் செய்வார். 20 கிலோ பை நாற்பது, ஐம்பது அடிக்குமேல் ஓடாது. அவரைத் துரத்த வேண்டாம். தரைக்கு வாட்டம் பார்த்துத் தருவேன், ஒரு குடம் ஊற்றிக் காட்டிவிட்டுத்தான் கடைசித் தவணை வாங்குவேன் என்று தானாகச் சொல்கிற மேஸ்திரி கிடைத்தால் பேரத்தை அத்தோடு நிறுத்திவிடலாம்.

பேரம் என்ற சடங்கை ஆய்வாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது விலையைக் குறைப்பதற்கான முறை அன்று.

“மேஸ்திரி, பாத்து ரெண்டு ரூபா கொறச்சிக்குங்க.”

“சார், கட்டுப்படி ஆவாதுங்க. உங்களுக்காக ஒண்ணு கொறச்சிக்கிறேன்.”

அந்த ஒரு ரூபாய் எங்கும் போய்விடவில்லை. 180 அடிக்கு 180 ரூபாய் நடு அடுக்கிலிருந்து கழன்று, நிலைப்படியாகவோ ஏற்றுக்கூலியாகவோ நான்காம் தொகுதியில் படியும். ஆகவே குறைக்கச் சொல்வதைவிட, “என்னென்ன தனிங்க?” என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குவது பயனுள்ளது. நான் பார்த்தவரை, அந்தக் கேள்விக்கு உடனே விரலை மடக்கி எண்ணத் தொடங்குகிறவர் நேர்மையானவர். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்பவரின் ரேட் எவ்வளவு குறைந்தாலும் கேள்விக்குறியோடுதான் பதிவுசெய்ய வேண்டும்.

தீராத ஆய்வுச் சிக்கல் ஒன்று உண்டு. காலிப் பெட்டிகள் சித்தாளுக்கு என்பதில் இரு மாவட்டத்திலும் கருத்து வேறுபாடு இல்லை. மீந்துபோன அரை மூட்டை சிமெண்ட் யாருக்கு என்பதை எந்தக் கொட்டேஷனும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் காசு கொடுத்தது தான்தானே என்கிறார். மேஸ்திரி அடுத்த வேலைக்கு வண்டி வரட்டும் என்று வாசலோரம் சாய்த்து வைக்கிறார். ஐப்பசி மழை வந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.