மவுசு ஏறிய தாம்சன்

கேள்வி: அமெரிக்காவில் பழைய தாம்சன் சப்மெஷின் கன் பல லட்சம் ரூபாய்க்கு விலை போகிறதாமே! அவ்வளவு நம்பகமானதா?

பதில்: விலையை ஏற்றியது சட்டம். 1921-22இல் கோல்ட் துப்பாக்கி ஆலை 15,000 தாம்சன்களை இழைத்து இழைத்துச் செய்தது. 200 டாலருக்கு மேல் விலை சொன்னதால் பெரும்பாலும் தேங்கின. 1934இல் கட்டாயப் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன. 1986இல் தனியாருக்குப் புதிய பதிவையே நிறுத்திவிட்டார்கள். சரக்கு பெருகாது, ஆசை குறையாது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

நம்பகம்? உள்ளே ஒரு வெண்கலப் பூட்டுத் துண்டு உண்டு. அதுதான் உயிர்நாடி என்றார்கள். 1942இல் வந்த எம்1 ரகத்தில் அதை எடுத்தே விட்டார்கள். துப்பாக்கி வழக்கம்போல் சுட்டது. நம் ஆபீஸ்களிலும் இப்படிச் சில உயிர்நாடிகள் உண்டு!