முப்பத்தெட்டு அங்குலச் சீமான்

கோடை விடுமுறைக்கு லண்டன் பார்க்கக் கிளம்பும் குடும்பத் தலைவர்களில் ஒரு ரகம் உண்டு. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலையைப் பார்த்ததும், “இதுக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கிடலாமே” என்று லேப்டாப்பை மூடுவார். எகானமியில் மடங்கிக் கிடக்கப்போகும் தன் முழங்காலை நினைத்துப் பத்தே நிமிடத்தில் மறுபடி திறப்பார். அந்த இரண்டாவது தடவையில்தான் நடுவில் ஒரு கட்டம் கண்ணில் படும்: பிரீமியம் எகானமி.

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஆடிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும் பொருந்தும். வீட்டுக் கடன் அடைந்தாயிற்று, பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தாயிற்று, பையன் சம்பாதிக்கிறான். ஆனாலும் நாற்பது வருஷமாக ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிப் பழகிய நாக்கு. அது ஒரு சொகுசை வாங்குவதென்றால் முதலில் அதற்கு ஒரு கணக்குக் காட்டியாக வேண்டும்.

கணக்குத் தயார். எகானமிக்கும் இதற்கும் வித்தியாசம் ஆளுக்கு நாற்பதாயிரம். சென்னையிலிருந்து நேர் விமானம், ஏறக்குறைய பதினோரு மணி நேரம். வகுத்தால் மணிக்கு 3,636 ரூபாய். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கேட்டார்: “மணிக்கு மூவாயிரத்து அறுநூறு குடுத்து உக்காரணுமாங்க?”

“உக்காரத்துக்கு இல்ல. கால் நீட்டத்துக்கு.”

நீட்டுவதற்குக் கிடைப்பது எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டின் முதுகு வரையுள்ள இடைவெளி எகானமியில் பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38. சில கம்பெனிகள் 40 கூடக் கொடுக்கின்றன. சீட்டின் அகலமும் ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் கூடும். போயிங் 787இல் எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் என்றால் இங்கே வழக்கமாக ஏழு பேர், இரண்டு-மூன்று-இரண்டு என்று. தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஜன்னலோர ஜோடி சீட் கிடைத்தால் நடுவில் மூன்றாம் மனிதர் கிடையாது. கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிற முதுகு, காலுக்கு ஒரு தாங்கி, சற்றுப் பெரிய திரை, காதை மூடும் நல்ல ஹெட்போன், பீங்கான் தட்டில் சாப்பாடு. சாமான் தரமானதுதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் நம்மவருக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது. சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் வலது கையை விரித்து, தன் சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டை நோக்கிச் சாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு சாணும் மேலே மூன்று விரலும். சாணுக்கு ஒன்பது அங்குலம் என்றால் கணக்கு சரியாக வந்தது. அப்போதுதான் பெல்ட்டை மாட்டினார். தலையை நிமிர்த்தினால், வெல்கம் டிரிங்க் தட்டோடு பணிப்பெண் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

இந்த வகுப்பு ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. தைவானின் ஈவா ஏர், இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் இரண்டும் 1990களின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு நடுவகுப்பைக் கொண்டுவந்துவிட்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000இல் சேர்ந்துகொண்டது. மற்ற பெரிய கம்பெனிகள் ரொம்ப நாள் யோசித்தன. பிசினஸ் கிளாஸ்காரர்கள் கீழே இறங்கிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். லுஃப்தான்சா 2014இல்தான் வந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015இல். அதே 2015இல் விஸ்தாரா இதை நம் உள்நாட்டு விமானத்துக்கே கொண்டுவந்தது.

மேல்வகுப்புக்காரரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் சூட்சுமம் விமானத்தைவிட வயதானது. 1849இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்பூயி ரயிலை வைத்து இதை விளக்கிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டிருந்தார்கள். கூரைக்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஏழைகளை வெயிலில் காயவைக்க வேண்டும் என்ற வன்மமும் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க வக்குள்ளவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். எகானமியின் முழங்கால் இடி யாரை மிரட்டுவதற்காக என்று இப்போது புரியும். நம் ரயில்வே இதையே தலைகீழாகச் செய்துபார்த்தது. 2021இல் மூன்றடுக்கு ஏ.சி.க்குக் கீழே ‘ஏ.சி. எகானமி’ என்று ஒன்றை விட்டு, 72 பெர்த் இருந்த பெட்டியில் 83 பெர்த்தை நுழைத்தது. அதுவரை சாதாரணமாக இருந்த மூன்றடுக்கு ஏ.சி. ஒரே நாளில் மேல்வகுப்பாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும் நம்மவரைப் பயணம் முழுக்க அரிக்கிறது: நான் மேலே சேர்த்தியா, கீழே சேர்த்தியா? இதற்கு விமானக் கம்பெனி தெளிவாகப் பதில் சொல்லாது. லவுஞ்ச் வாசலில் போர்டிங் பாஸை நீட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள். (கிரெடிட் கார்டில் 2 ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விடும் இன்னொரு லவுஞ்சில் அவர் மூன்று இட்லியும் இரண்டு வடையும் சாப்பிட்டார். அங்கே எகானமிக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் ருசி கொஞ்சம் மட்டுத்தான்.) தெளிவாகப் பதில் சொல்வது ஒரே ஒரு இடம், அரசாங்கம். 2025 செப்டம்பர் 22 முதல் நம் நாட்டில் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். எகானமி அல்லாத எல்லாவற்றுக்கும் 18. பிரீமியம் எகானமி எந்தப் பக்கம் என்று வரித்துறைக்கு அணுவளவும் குழப்பம் இல்லை, 18 பக்கம். பிரிட்டிஷ் அரசு அதற்கும் மேல். அங்கிருந்து கிளம்பும் பயணிக்கு ஒரு வரி போடுகிறார்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி லண்டனிலிருந்து இந்தியாவுக்கு விமானத்தின் கடைசி வகுப்பில் போனால் 90 பவுண்டு, வேறு எந்த வகுப்பானாலும் 216 பவுண்டு. முன்வரிசையில் கட்டில் போட்டுப் படுத்துவரும் கோடீஸ்வரருக்கும் 216, நாலு சாணும் மூன்று விரலும் பெற்ற நம்மவருக்கும் 216. உலகத்திலேயே இவரை முதல் வகுப்புப் பிரமுகராக மதிக்கும் ஜீவன்கள் வரி அதிகாரிகள்தான். ஊர் சுற்றப் போகிற செலவு என்பதால் அந்த ஜி.எஸ்.டி.யைக் கம்பெனிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. ஆடிட்டருக்கு அது வேறு வயிற்றெரிச்சல்.

ஏறும்போது பிசினஸ் கிளாஸ் வழியாக நடக்க வேண்டியிருந்தது. 2016இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் காத்தரின் டீசெல்சும் ஹார்வர்டின் மைக்கேல் நார்ட்டனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமிப் பயணிகளின் தகராறு அதிகமாம். அதிலும் எல்லாரையும் முன்வகுப்பின் வழியே நடத்திக் கூட்டிப்போனால் இரண்டு பக்கமும் இன்னும் அதிகமாம். நம்மவர் தகராறு செய்கிற ஆளில்லை. ஒவ்வொரு சீட்டாக நின்று பார்த்துக்கொண்டே போவார், அவ்வளவுதான். “நடங்க, பின்னால ஆள் நிக்குது” என்று மனைவி முதுகில் தள்ளினார்.

விமானம் மேலே ஏறியது. தட்டு வந்தது. முதலில் முள்கரண்டியைத் தட்டின் விளிம்பில் தட்டிப் பார்த்தார், உலோகம்தான். ஒரு போட்டோ. துணி நாப்கினுக்கு ஒரு போட்டோ. பிறகு கழுத்தை வளைத்து, திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பின்னால் எகானமியில் என்ன தருகிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டார். அதே பனீர், அதே புலாவ். ஆனால் அலுமினியத் தாள் மூடிய டப்பாவில். மனசு குளிர்ந்தது. அந்த ஒரு பார்வையிலேயே நாற்பதாயிரத்தில் ஐயாயிரமாவது வசூலாகியிருக்கும்.

மீதியும் வசூலாகியிருக்கும். இடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பையன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

இருபத்திரண்டு வயதிருக்கும். அரை டிரவுசர், ரப்பர் செருப்பு, மேற்படிப்புக்குப் போகிறவன். மரியாதையான பிள்ளை. “சார், இந்தக் கால் தாங்கியை எப்படித் தூக்கறது?” என்று கேட்டான். நம்மவர் பெருமையோடு பட்டனைக் காட்டிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். “எவ்வளவுக்கு எடுத்தீங்க தம்பி?” என்று கேட்டுவைத்தார்.

“நான் எகானமிதான் சார் எடுத்தேன். அங்க சீட் இல்லைன்னு கேட்டுல கூப்பிட்டு இதை மாத்திக் குடுத்துட்டாங்க.”

“எக்ஸ்ட்ரா எவ்வளவு?”

“ஒண்ணும் இல்ல சார். சும்மாத்தான்.”

எகானமியில் இருக்கிற சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டால், கம்பெனி சிலரை மேல்வகுப்புக்குத் தூக்கிப் போடும். இது அந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிற காரியம். வழக்கமாக அடிக்கடி பறக்கிறவர்களுக்கு அந்த யோகம் அடிக்கும். சில சமயம் தனியாக வந்தவனுக்கும் அடிக்கும். நியாயம் எல்லாம் நம்மவருக்கும் தெரியும். இருந்தாலும் பனீர் தொண்டையில் இறங்கவில்லை. மணிக்கு 3,636 ரூபாய் கொடுத்து அவர் வாங்கியிருந்தது கால் நீட்டும் இடம் மட்டுமா என்ன? அரபிக்கடல் தாண்டும்வரை அந்த ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விஜய் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏலத்தில் வந்தவர்களும் அந்தக் கூண்டில் உண்டு. பல கம்பெனிகள் இப்போது எகானமிக்காரருக்கு மெயில் அனுப்பி, மேல்வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கின்றன. ஒரு முள் இருக்கும். தொகையை ஏற்ற ஏற்ற அது சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் நகரும். மஞ்சளும் பச்சையும் சேருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கிளம்புகிற நாள்வரை தூக்கமில்லாமல் கிடந்து ஜெயித்தவர்கள் இவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். பக்கத்து ஆள் எவ்வளவு கட்டினான் என்று தெரியாமல் அவர்களும் தவித்துக்கொண்டுதான் வருவார்கள்.

விளக்கை அணைத்தார்கள். மனைவி எப்போதோ தூங்கியாயிற்று. விமானம் ஓடுபாதையில் ஓடும்போதே கண்ணை மூடியவர். சாப்பாட்டுக்கு மட்டும் ஒருமுறை விழித்து, முடித்து, மறுபடி போய்விட்டார். நம்மவருக்குத் தூக்கம் வரவில்லை. வந்தாலும் விடமாட்டார். தூங்கிவிட்டால் எந்த சீட்டாக இருந்தால் என்ன? கால் தாங்கியை ஏற்றினார், இறக்கினார். கண்ணை மறைக்கும் பட்டையும் காலுறையும் அடங்கிய பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். (அந்தப் பை இன்றைக்கு அவர் வீட்டில் பி.பி. மாத்திரை வைக்கும் பையாகத் தொண்டாற்றுகிறது.) சிரமம் ஒன்றே ஒன்றுதான். பல விமானங்களில் இந்த வகுப்புக்கென்று தனிக் கழிவறை கிடையாது. முன்னால் போனால் பணிப்பெண் புன்னகையோடு திருப்பி அனுப்புவார். ஆகவே நள்ளிரவில், பன்னிரண்டு வரிசை எகானமி முழங்கால்களைக் கடந்து நடந்து, அங்கே ஐந்தாவது ஆளாக வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, “உங்களுது எந்த ரோ?” என்று சகஜமாகக் கேட்டார். நம்மவர் சீட் நம்பரைச் சொல்லவில்லை. “முன்னால” என்றார்.

ஹீத்ரோவில் இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே குடியேற்ற வரிசை. பெட்டிகளில் முன்னுரிமைச் சீட்டு ஒட்டியிருந்தது. பெட்டிகள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. ரப்பர் செருப்புப் பையன் தன் இரண்டு பெட்டியையும் தள்ளிக்கொண்டு, “வரேன் சார், ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்க” என்று போய்விட்ட பிறகும் இவர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வருஷம் அமெரிக்கா. பெண் நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து நூவர்க் போகும் நெடுந்தூர விமானம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். 2018இலிருந்து ஓடுகிறது, 18 மணி நேரத்துக்கு மேல் நில்லாமல் பறக்கிறது. அந்த ஏர்பஸ்ஸில் மொத்தமே 161 சீட். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சீட் வரைபடத்தை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார். எகானமியே இல்லை. பிரீமியம் எகானமிக்குப் பின்னால் விமானத்தின் வால்தான். பதினெட்டு மணி நேரம் கடைசி வகுப்பில் போவதா? லேப்டாப்பை மூடிவிட்டார்.

லண்டனிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. பிக் பென், தேம்ஸ், மதாம் துஸ்ஸோ எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு அரை மணி நேரம் சீட்டைப் பற்றித்தான். அங்குலக் கணக்கு, கால் தாங்கி, பீங்கான் தட்டு, துணி நாப்கின். போட்டோக்கள் கைமாறின. சகலை பொறுமையாகக் கேட்டார். அவர் போன வருஷம் கிரெடிட் கார்டு பாயிண்ட்டிலேயே பிசினஸ் கிளாஸில் போய்வந்தவர்.

“எல்லாம் சரி சகல. படுக்க முடியுமா?”

“நல்லா சாயலாம்.”

“படுக்க?”

“கால் தாங்கி இருக்குன்னு சொன்னேனே.”

“அதான் கேக்கறேன், படுக்க முடியுமா?”

நம்மவர் ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தார். அவர் தயிர்சாதத்துக்கு மாவடு போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கென்னங்க தெரியும்? நான்தான் ஏறினதும் தூங்கிட்டேனே. போன தடவை கோயம்புத்தூர் போனோமே, அந்த பஸ்லகூட அப்படித்தான்.”